யாருடைய கார்?

எனக்கு விசித்திரமான வாசிப்புப் பழக்கம் ஒன்று உண்டு. பழைய மோட்டார் கார்களை ஏலம் விடுகிற அமெரிக்கக் கம்பெனிகள், விற்பனைக்கு வரும் ஒவ்வொரு காருக்கும் ஒரு வரலாறு எழுதி வெளியிடுகின்றன. அந்த வரலாறுகளை நான் சிறுகதை படிப்பதைப் போலப் படிக்கிறேன். அந்தக் கார்களில் ஒன்றின் ஸ்டெப்னியைக்கூட வாங்கும் சக்தி எனக்குக் கிடையாது. வாங்கவேண்டும் என்ற ஆசையும் இல்லை. ஆனால் கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு, ஒரு பொருள் யார் யார் கைகளில் இருந்து, எப்படி எப்படி மாறி வந்தது என்பதைவிடச் சுவையான விஷயம் வேறென்ன இருக்கிறது? வீடு வாங்குகிறவர்கள் தாய்ப்பத்திரத்தைப் புரட்டும்போது வில்லங்கத்தைத்தான் தேடுகிறார்கள். எனக்கு அந்தப் பத்திரத்தில் வருகிற பெயர்களே போதும். யார் ஏன் விற்றார், விற்ற அன்று அவர் வீட்டில் அடுப்பு எரிந்ததா என்று மனம் கற்பனையில் இறங்கிவிடும்.

இந்தக் கார் வரலாறுகளையும் இலக்கியத்தில் ஒரு வகை என்று ஒப்புக்கொண்டு விமரிசனம் செய்து பார்த்தால் என்ன என்று தோன்றியது. நிறையப் படித்ததில் எனக்குப் பட்டது இது: கார் எதுவானாலும் கதை ஒன்றேதான். முதல் அத்தியாயத்தில் கார் பிறக்கிறது. ஒரு கோடீஸ்வரரோ சினிமா நட்சத்திரமோ வாங்குகிறார். இரண்டாம் அத்தியாயத்தில் காலம் கெட்டுப்போகிறது; கார் எங்கோ ஒரு கொட்டகையில் தூசி படிந்து கிடக்கிறது. மூன்றாம் அத்தியாயத்தில் ரசிகர் ஒருவர் கண்டெடுத்து, பல வருஷம் பணத்தைக் கொட்டிப் புத்தம் புதிதாக்குகிறார். கடைசியில் கண்காட்சியில் பரிசு, ஏலத்தில் லட்சக்கணக்கான டாலர், சுபம். முதல் அத்தியாயத்துக்கும் மூன்றாவதுக்கும் பக்கம் பக்கமாக இடம். இரண்டாவதற்கு ஒரே வாக்கியம்: பிறகு கார் பல கைகள் மாறியது. அந்த ஒரு வாக்கியத்தோடுதான் எனக்குச் சண்டை.

பொதுவாகப் பேசிக்கொண்டு போவதைவிட, ஒரு குலத்தை எடுத்துக்கொண்டு பார்க்கலாம். டியூசன்பெர்க் என்ற காரின் பெயரை அமெரிக்கர்கள் இன்றும் ஒரு பெருமூச்சோடுதான் உச்சரிக்கிறார்கள். ஃபிரெட், ஆகஸ்ட் என்ற இரு சகோதரர்கள் ஜெர்மனியில் பிறந்து, சிறுவயதிலேயே அமெரிக்கா வந்து, கையால் பழகியே இயந்திர நுட்பம் கற்றவர்கள். பந்தயக் கார்களில் பெயரெடுத்தார்கள். வியாபாரம் மட்டும் கைகூடவில்லை. 1926-இல் ஈ. எல். கார்டு என்ற முதலாளி அவர்களுடைய கம்பெனியை வாங்கி, உலகத்திலேயே உயர்ந்த காரைச் செய்யுங்கள் என்றார். 1928 டிசம்பரில் நியூயார்க் கண்காட்சியில் 'ஜே' மாடல் வெளிவந்தது. வரிசையாக எட்டு சிலிண்டர், 265 குதிரைச் சக்தி. பாடி இல்லாமல் வெறும் சாஸிக்கு மட்டும் விலை 8,500 டாலர். சுமார் 500 டாலருக்கு ஒரு முழு ஃபோர்டு கார் கிடைத்த காலம் அது! அடுத்த அக்டோபரிலேயே நியூயார்க் பங்குச் சந்தை சரிந்தது. முதல் வருஷமே 500 கார் விற்கலாம் என்று போட்ட கணக்கு, 1937-இல் கம்பெனி மூடப்படும் வரை சேர்த்துப் பார்த்தும் எட்டவில்லை. மொத்தம் செய்தவை 480-ஐ ஒட்டித்தான்.

அந்தக் காருக்கு 1930-களின் நடுவில் வந்த விளம்பரங்களைப் பாருங்கள். படத்தில் ஒரு பெரிய மனிதர் தம் மாளிகையின் நூலகத்தில் உட்கார்ந்திருப்பார்; அல்லது பாய்மரக் கப்பலைச் செலுத்திக்கொண்டிருப்பார்; அல்லது ஒரு சீமாட்டி தம் தோட்டக்காரனிடம் பேசிக்கொண்டிருப்பார். கீழே ஒரே வரி: இவர் ஓட்டுவது டியூசன்பெர்க். படத்தில் கார் இருக்காது! காரை விற்க வந்த விளம்பரத்தில் காரே இல்லை; சொந்தக்காரர் மட்டும் இருக்கிறார். ஏல வரலாறுகளின் இலக்கணம் அன்றைக்கே வகுக்கப்பட்டுவிட்டது என்று நான் நினைக்கிறேன். காரின் பெருமையாவது, அதை வைத்திருப்பவரின் பெருமை.

இதில் வேடிக்கை என்னவென்றால், வேறு எந்தக் காரையும்விட இந்தக் காரில்தான் பெயர் தெரியாதவர்களின் கைவேலை அதிகம். லாரிக்கும் பஸ்ஸுக்கும் சாஸியை வாங்கித் தனியே பாடி கட்டுகிறார்களே, அதுபோல டியூசன்பெர்க்குக்கும் பாடி தனியாகக் கட்டவேண்டும். பாஸடீனா நகரத்து மர்ஃபி, நியூயார்க் ரால்ஸ்டன் என்று பல பட்டறைகள். மரச்சட்டம் கூட்டி, அதன்மேல் அலுமினியத் தகட்டைக் கையால் தட்டி வளைத்துப் பொருத்துவார்கள். கூரையை மடக்குகிற கன்வெர்ட்டிபிள் வகையில் மர்ஃபி பட்டறைக்குத் தனிப் பெயர். துணிக்கூரையை மடித்தால், பின்னாலுள்ள ஓர் உலோக மூடிக்குள் அது அப்படியே மறைந்துவிடும். கூரை இருந்த அடையாளமே தெரியாது. நம் நாட்டு இந்தூர் மகாராஜா யஷ்வந்த்ராவ் ஹோல்கரின் டியூசன்பெர்க்குக்கு லண்டனில் குர்னி நட்டிங் பட்டறையில் பாடி கட்டினார்கள். மகாராஜாவின் பெயர் எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. தகட்டைத் தட்டியவனின் பெயர் எதிலும் இல்லை. அது உலக வழக்கம் என்று விட்டுவிடலாம். நான் கேட்கவந்தது அதையல்ல. நடுவில் வந்த சொந்தக்காரர்களைப் பற்றி.

கம்பெனி மூடியபின் இந்தக் கார்களின் கதி என்ன ஆயிற்று? பெட்ரோலைக் குடிக்கும், உதிரிப் பாகம் கிடைக்காது, ஓட்டினால் ஊர் சிரிக்கும். பணக்காரர்கள் கைவிட்டார்கள். இரண்டாவது உலக யுத்தத்தின்போது இரும்புக்கு இரும்பாகப் போன பெரிய கார்கள் உண்டு. 1940-களில் ஒரு டியூசன்பெர்க்கைச் சில நூறு டாலருக்கு வாங்க முடிந்தது. யார் வாங்கினார்கள்? கோடீஸ்வரர்கள் அல்ல. யந்திரத்தின்மேல் பித்துப் பிடித்த சாதாரண மனிதர்கள். அடுத்த மாத வாடகையை நினைத்துக் கவலைப்பட்டுக்கொண்டே இன்னொரு காரின் பாகத்தைக் கழற்றி இதற்கு மாட்டியவர்கள். 1952-இல் இப்படிப்பட்டவர்கள் சேர்ந்துதான் ஆபர்ன், கார்டு, டியூசன்பெர்க் மூன்றுக்குமாகச் சேர்த்து ஒரு சங்கம் வைத்தார்கள். காயலான் கடைக்குப் போகவேண்டிய காரைத் தடுத்து நிறுத்தியவர்கள் அவர்கள். அவர்கள் இல்லாவிட்டால் மூன்றாம் அத்தியாயத்தில் கண்டெடுக்க ஒன்றும் இருந்திராது. ஆனால் அந்தச் சொந்தக்காரர்களில் பெரும்பாலோருக்கு ஏலக் கம்பெனியின் வரலாறு கொடுப்பது, நான் முன்னே சொன்ன ஒரே ஒரு வாக்கியந்தான்.

பெயருக்கு இருக்கும் மகிமைக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். 1935-இல் டியூசன்பெர்க் கம்பெனி இரட்டைப் பிள்ளைகள்போல் இரண்டு கார் செய்தது. எஸ்.எஸ்.ஜே. என்று அவற்றுக்குப் பெயர். நீளத்தைக் குறைத்து, சூப்பர்சார்ஜர் பூட்டி, சக்தியை 400 குதிரைகளுக்கு ஏற்றியிருந்தார்கள். இரண்டும் திறந்த பாடி. 'லா கிராண்ட்' என்று அதற்கு ஓர் ஆடம்பரப் பெயர் வைத்திருந்தார்கள். கட்டியதென்னவோ இந்தியானா மாநிலத்தில் கானர்ஸ்வில் என்ற சிற்றூரில், கார்டு முதலாளியின் சொந்தப் பாடித் தொழிற்சாலையில்தான். விளம்பரத்துக்காக ஒன்றை நடிகர் கேரி கூப்பர் கையிலும், மற்றொன்றை நடிகர் கிளார்க் கேபிள் கையிலும் ஒப்படைத்தார்கள். கூப்பர் தம்முடையதை விலைக்கு வாங்கிக்கொண்டார். கேபிள் வாங்கவில்லை, கொஞ்ச நாள் ஓட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஆனாலும் இன்றளவும் அந்தக் காரை 'கேபிளின் கார்' என்றுதான் சொல்கிறார்கள். இரவல் வாங்கியவர் பெயர் நிலைத்துவிட்டது. அதன்பின் பணம் கொடுத்து வாங்கிப் பல வருஷம் காப்பாற்றியவர்கள் பெயரைச் சொல்வாரில்லை. கூப்பரின் கார் சில கைகள் மாறி, பந்தய வீரரும் பெருஞ்சேகரிப்பாளருமான பிரிக்ஸ் கன்னிங்ஹாமிடம் வந்தது. அவரிடம் நெடுங்காலம் இருந்து, 1986-இல் அவருடைய சேகரிப்பு முழுவதும் ஃப்ளாரிடாவுக்குக் கை மாறியபோது அதோடு சேர்ந்து போயிற்று. 2018 ஆகஸ்டில் கலிபோர்னியாவிலுள்ள பெபிள் பீச்சில் ஏலத்துக்கு வந்தபோது, அது 2 கோடியே 20 லட்சம் டாலருக்குப் போனது. அதுவரை எந்த அமெரிக்கக் காரும் ஏலத்தில் அவ்வளவு தொகைக்குப் போனதில்லை.

அந்தத் தொகையில் யந்திரத்துக்கு எவ்வளவு, கூப்பர் என்ற பெயருக்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. எனக்கு அதில் பொறாமையும் இல்லை. ஆனால் கன்னிங்ஹாம் அதை ஏறக்குறைய நாற்பது வருஷம் வைத்திருந்தார். கூப்பர் வைத்திருந்ததோ அதற்கு வெகு குறைந்த காலம். வளர்த்தவளைவிடப் பெற்றவளுக்கே பிள்ளை சொந்தம் என்பதுபோல, காப்பாற்றியவரைவிட முதலில் தொட்டவருக்கே கார் சொந்தம் என்று சந்தை தீர்ப்புச் சொல்கிறது. கதை எழுதுகிறவன் அந்தத் தீர்ப்பை ஏற்கவேண்டியதில்லை.

பெயர்களோடு நின்றால்கூடப் பரவாயில்லை. இந்த ஒற்றைக் கதை காரின் உடம்பையும் மாற்றிவிடுகிறது. கன்வெர்ட்டிபிளுக்கும் திறந்த பாடிக்கும் சேகரிப்பாளர்களிடையே மவுசு ஏறியபோது, நாலு கதவும் நிரந்தரக் கூரையும் கொண்ட கார்கள் விலை போகவில்லை. அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். மூடிய பாடியைக் கழற்றி எறிந்துவிட்டு, பழைய மாதிரியைப் பார்த்துப் புதிதாகத் திறந்த பாடி கட்டி, அதே சாஸியில் மாட்டினார்கள். யாரோ ஒரு டாக்டரோ வக்கீலோ தம் மனைவி மக்களை மழையில் நனையாமல் அழைத்துப்போகக் கட்டிய கார், ஒரே வீச்சில் உல்லாசப் பிரயாணக் கார் ஆகிவிட்டது. 1930-களிலேயே பழைய கார் வியாபாரிகள் பாடிகளை மாற்றி மாட்டி விற்றதுண்டு, அது பிழைப்புக்காக. பின்னால் நடந்தது ரசனையின் பெயரால். இதில் ஏமாற்று மலிந்துபோகாமல் இருக்கத்தான், நான் முன்பு சொன்ன சங்கத்தார் சாஸி எண், இஞ்சின் எண், பாடி மூன்றையும் சரிபார்த்துச் சான்றிதழ் தருகிறார்கள். ஆர்.ஸி. புத்தகத்துக்கும் மேலான புத்தகம் அது. மூன்றும் பிறந்தபடியே ஒன்றாக இருக்கிற கார் என்றால் விலை எங்கேயோ போய்விடும். பிரிந்த குடும்பங்கள் நிறைந்த ஊரில், பிரியாத குடும்பத்துக்கு இருக்கிற மரியாதை!

இப்போது புதுப்பித்தலுக்கு வருகிறேன். நம் பாஷையில் ஜீர்ணோத்தாரணம் என்று ஒரு வார்த்தை இருக்கிறது: ஜீர்ணமானதை, சிதைந்ததை, தூக்கி நிறுத்துவது. சிதைந்ததைத் தூக்கி நிறுத்துவது வேறு, சிதைந்ததே இல்லை என்று சாதிப்பது வேறு. கண்காட்சிக்கு வரும் பல கார்கள் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த அன்று இருந்ததைவிட அதிகமாகப் பளபளக்கின்றன. அந்தக் காலத்து நைட்ரோ செல்லுலோஸ் பூச்சுக்கு இந்த ஆழமான மினுமினுப்புக் கிடையாது. தகடுகளின் இடைவெளி இவ்வளவு நூல் பிடித்தாற்போல் இருந்ததில்லை. இஞ்சினில் ஒரு சொட்டு எண்ணெய்க் கறை இருந்தால் நடுவர் மார்க்கைக் குறைப்பார் என்ற பயத்தால், ஓடவேண்டிய கார் ஓடாமலே லாரியில் ஏறி வந்து புல்தரையில் இறங்குகிறது. எண்பது வயதுக் கிழவியின் முகத்துச் சுருக்கங்களை எல்லாம் அழித்துவிட்டு, பாருங்கள், பதினாறு வயது என்று காட்டுவதுபோல் எனக்குத் தோன்றுகிறது. அந்த முகத்தில் நாம் படிக்கவேண்டியிருந்தது அந்தச் சுருக்கங்களை அல்லவா?

எதிர்க்கட்சிக்கும் நியாயம் உண்டு. மரச்சட்டம் செல்லரித்திருக்கும்போது, வரலாறு என்று அதைக் கும்பிட்டுக்கொண்டிருந்தால் கார் விழுந்துவிடும். இற்றுப்போன துணிக்கூரையைத் தைத்துத்தான் ஆகவேண்டும். ஆகவே, புதுப்பிப்பதா வேண்டாமா என்பதல்ல கேள்வி. எந்த நாளுக்குத் திருப்பிக் கொண்டுபோவது என்பதுதான் கேள்வி.

அந்தக் கேள்வி எவ்வளவு சிக்கலானது என்பதற்கு, எஸ்.எஸ்.ஜே. கார்களின் ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவனைச் சொல்லவேண்டும். 1935-இல் ஆப் ஜென்கின்ஸ் என்பவருக்காக ஆகஸ்ட் டியூசன்பெர்க் ஒரு விசேஷக் காரைத் தயார் செய்தார். இதுவும் கூரையில்லாத கார்தான். அந்த ஆகஸ்ட் மாதக் கடைசியில் யூட்டா மாநிலத்து உப்புப் பாலைவனத்தில் ஜென்கின்ஸ் அதை 24 மணி நேரம் ஓட்டி, சராசரி மணிக்கு 135 மைல் வேகத்துக்கு மேல் காட்டினார். அப்புறம் அந்தக் கார் 'மார்மன் மீட்டியர்' என்று பெயர் பெற்றது. மறுவருஷம் டியூசன்பெர்க் இஞ்சினை எடுத்துவிட்டு ஆகாய விமானத்து இஞ்சினை அதில் பூட்டினார்கள்; சராசரி 153 மைலைத் தாண்டியது. பிறகு வேறு பந்தயக் கார் கட்டிக்கொண்டதும், விமான இஞ்சினைக் கழற்றி, பழையபடி டியூசன்பெர்க் இஞ்சினை வைத்து, மட்கார்டும் ஹெட்லைட்டும் பொருத்தி, ஜென்கின்ஸ் அதைச் சாதாரண ரஸ்தாக்களில் ஓட்டினார். 1940-இல் அவர் ஸால்ட் லேக் நகரத்துக்கு மேயராகவும் ஆனார். உலகச் சாதனை செய்த கார், ஒரு நகரத்து மனிதர் ஏறி இறங்குகிற வண்டியாக, ஆயிரக்கணக்கான மைல் ஓடிற்று.

2004-இல் அது 40 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது. வாங்கிய சேகரிப்பாளர், 1935-இல் உப்புப் பாலைவனத்தில் எப்படி இருந்ததோ அப்படியே அதைத் திருப்பினார். 2007-இல் பெபிள் பீச் கண்காட்சியில் முதற்பரிசு கிடைத்தது. வேலை அபாரம் என்பதில் எவருக்கும் சந்தேகமில்லை. அந்த நாளைத் தேர்ந்தெடுத்ததையும் நான் குறை சொல்லமாட்டேன். அந்தக் காரின் வாழ்க்கையில் மிகப்பெரிய நாள் அதுதான். ஆனால் மட்கார்டும் ஹெட்லைட்டும் போட்டுக்கொண்டு தெருவில் ஓடிய மீட்டியரை இனி எவரும் பார்க்க முடியாது. அதைச் செய்தவரும் வேறு யாரோ அல்ல, அதே ஜென்கின்ஸ்தான்! சாதனை செய்த ஜென்கின்ஸுக்கு மரியாதை செய்வதற்காக, சாதனைக்குப்பின் அதே காரை நேசித்து ஓட்டிய ஜென்கின்ஸை அழிக்கவேண்டியிருந்தது. ஒரு மனிதரின் இரண்டு பருவங்களில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும் என்ற நிலை, எனக்கு உண்மையிலேயே துக்கமாக இருக்கிறது.

ஏடுகளைப் பதிப்பிக்கிற பெரியவர்கள் இந்தச் சங்கடத்துக்கு ஒரு வழி கண்டிருக்கிறார்கள். ஒரு பாடத்தை மூலமாக எடுத்துக்கொண்டாலும், மற்றப் பாடபேதங்களை அடிக்குறிப்பில் கொடுத்துவிடுவார்கள். தாம் தள்ளியது இன்னது என்று வாசகனிடம் ஒளிப்பதில்லை. காருக்கு அடிக்குறிப்புப் போட முடியாது. தகட்டில் ஒரு சமயத்தில் ஒரு வர்ணந்தான் இருக்க முடியும். அப்படியானால் எழுத்தில்தான் அடிக்குறிப்புப் போடவேண்டும். காரின் வரலாறு எழுதுகிறவரின் பொறுப்பு அதனால்தான் பெரிது. காரில் அழித்ததைக் காகிதத்திலும் அழித்துவிட்டால் அப்புறம் எங்கே போய்த் தேடுவது?

புதுப்பித்தலில் எனக்கு நிறைவு தந்த கதை ஒன்றும் உண்டு. 1931-இல் செய்த ஒரு பியர்ஸ்-ஆரோ கன்வெர்ட்டிபிள். பஃபலோ நகரத்துக் கம்பெனி. மட்கார்டுக்குள்ளேயே பதித்த ஹெட்லைட்டுகள் அதன் முத்திரை. லபாரன் பட்டறை கட்டிய பாடி. சீமாட்டிகளை உட்காரவைத்து டிரைவர் ஓட்டிச்செல்கிற ரகம். ஃபில் ஹில் என்ற சிறுவனுடைய தாயாரின் சகோதரி அதைப் புதிதாக வாங்கினார். அப்போது பையனுக்கு வயது நாலு. வளர்ந்தபின் அவன் பந்தய வீரனானான். 1961-இல் உலகச் சாம்பியன் பட்டம் பெற்றவர் அவர்தான். அந்தப் பட்டம் வருவதற்கு முன்பே, அவரும் அவருடைய சகோதரரும் சேர்ந்து அந்தக் குடும்பக் காரைப் புதுப்பித்து, 1955-இல் பெபிள் பீச்சுக்குக் கொண்டுபோனார்கள். 1950-இல் தொடங்கிய அந்தக் கண்காட்சியில் அதுவரை புதிய கார்களுக்கே முதற்பரிசு போய்க்கொண்டிருந்தது. அந்த வருஷம் முதன்முறையாக யுத்தத்துக்கு முந்திய காருக்குக் கொடுத்தார்கள். பழைய கார் என்றால் மதிப்புக் குறைந்த கார் என்ற எண்ணம் அன்றோடு ஆட்டம் கண்டது.

அந்தக் காரில் நான் விரும்புவது பரிசை அல்ல. புதுப்பித்தவருக்கு அந்தக் கார் முன்பே தெரியும். அதில் ஏறிப் போய் வந்தவர் அவர்; அதன் குஷன் எப்படி இருந்தது, கதவு எப்படிச் சாத்தியது என்பதை எந்தப் புத்தகத்தையும் பார்த்து அறியவேண்டியதில்லை. பூமியிலேயே வேகமாக ஓட்டத் தெரிந்தவர்களில் ஒருவர், பெரியவர்கள் மெதுவாக ஏறி இறங்கிய ஒரு காரின் முன் உட்கார்ந்து துடைத்துக்கொண்டிருந்தார் என்பதை நினைத்தால், அதில் ஒரு நாவலே இருக்கிறது. அவர் திருப்பிக் கொண்டுவந்தது ஒரு கம்பெனியின் தயாரிப்பை அல்ல; தம் வீட்டாரின் நினைவை.

எல்லாக் காருக்கும் இப்படி ஒரு வாரிசு வாய்க்காது. அதனாலேயோ என்னவோ, கடந்த இருபது ஆண்டுகளுக்கும் மேலாக வேறொரு கட்சி வலுத்துவருகிறது. புதுப்பிக்காதே, இருப்பதைக் காப்பாற்று என்கிறார்கள். அப்படிக் காப்பாற்றிய கார்களுக்கென்று கண்காட்சிகளில் தனிப்பிரிவே இருக்கிறது. 2024-இல் பெபிள் பீச்சில் அந்தப் பிரிவைச் சேர்ந்த காருக்கு முதன்முறையாக மொத்தக் கண்காட்சியின் முதற்பரிசும் கிடைத்தது. அது 1934-ஆம் வருஷத்துப் புகாட்டி. பெல்ஜியத்து மன்னர் லியோபோல்டிடம் ஒரு காலத்தில் இருந்த கார். பந்தயத்திலிருந்து ஓய்வுபெற்றபின் அந்த மன்னர் பூசச் சொன்ன கறுப்பு வர்ணம், உரிந்தது உரிந்தபடியே இருக்கிறது. இரண்டாவது சொந்தக்காரரின் அத்தியாயத்தை அழிக்காமல் விட்டதற்கு முதற்பரிசு! இரண்டாவது சொந்தக்காரர் மன்னராக இருந்ததால்தானே என்று கேட்பீர்கள். கேள்வி சரியானதுதான். ஒரு மளிகைக் கடைக்காரர் பூசிய வர்ணத்துக்கும் அதே மரியாதை கிடைக்கிற அன்று, இந்தக் கட்சி முழுதாக ஜயித்ததாக நான் ஒப்புக்கொள்வேன்.

கடைசியாக, டெட்ராய்ட் பக்கத்தில் டியர்பான் நகரத்தில், ஹென்றி ஃபோர்டு காட்சிசாலையில் இருக்கிற ஒரு காரைப் பற்றிச் சொல்லவேண்டும். 1961-ஆம் வருஷத்து லிங்கன் காண்டினென்டல் கன்வெர்ட்டிபிள். நடுவில் வெட்டி மூன்றரை அடி நீட்டி, ஜனாதிபதி கென்னடிக்காகத் தயாரித்தார்கள். ஃபோர்டு கம்பெனி அதை அரசாங்கத்துக்கு விற்கவில்லை. ஆண்டுக்கு 500 டாலர் வாடகைக்குக் கொடுத்தது. 1963 நவம்பர் 22-ஆம் தேதி டல்லாஸ் நகரத்தில், கூரை போடாமல் சென்றபோது, அந்தக் காரில்தான் கென்னடி சுடப்பட்டார்.

அந்தக் காரை உடைத்துப் போட்டிருப்பார்கள் என்றுதான் எவரும் நினைப்பார்கள். அப்படிச் செய்யவில்லை. கவசத் தகடு வைத்து, திறக்க முடியாத நிரந்தரக் கூரை போட்டு, குண்டு துளைக்காத கண்ணாடி மாட்டி, மறுவருஷமே வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். நீல வர்ணத்தைக் கறுப்பாக்கச் சொன்னார் ஜான்ஸன். அவருக்குப் பிறகு வந்த ஜனாதிபதிகளும் அதில் போனார்கள். 1977 வரையில் அது ஓடிற்று. காட்சிசாலைக்கு வந்தபின், மக்கள் நினைவில் இருக்கிற அந்த நீலநிறத் திறந்த காராக அதை மாற்றிவிடும் ஆசை யாருக்கும் வந்திருக்கலாம். மாற்றவில்லை. கடைசி நாளில் எப்படி வேலையிலிருந்து ஓய்ந்ததோ அப்படியே, கறுப்பு நிறத்தில், மூடிய கூரையோடு நிற்கிறது. துயரம் நடந்த நாளைத் தேடிப் போகிறவர்கள் முதலில் சற்று ஏமாந்துதான் போவார்கள். ஆனால் அந்தக் கனமான கூரையைப் பார்த்துக்கொண்டே நின்றால், அது ஏன் வந்தது என்று கேட்கத் தோன்றும். கூரையே கதை சொல்லிவிடும். திறந்த காரில் ஜனங்களைப் பார்த்துக் கையசைத்துச் சென்ற ஒரு காலம் முடிந்துபோனதை, திரும்பவும் திறந்து வைத்த கார் ஒருநாளும் சொல்லியிருக்காது.

பழைய கார்களின் வரலாறு எழுதுகிறவர்களிடம் நான் கேட்பது பெரிய காரியமல்ல. முதற்பக்கத்தில் நட்சத்திரத்தைப் போடுங்கள், படமும் போடுங்கள், அதனால் விலை ஏறினால் ஏறட்டும். ஆனால் பல கைகள் மாறியது என்று எழுதப் பேனாவை எடுக்கும்போது ஒரு நிமிஷம் நிறுத்துங்கள். அந்தக் கைகளில் ஒன்று, குளிர்கால இரவில் ரேடியேட்டர் உறைந்து வெடித்துவிடாமல் தண்ணீரை வடித்துவிட்ட கை. ஒன்று, இரும்புக் கடைக்காரன் நீட்டிய பணத்தை வேண்டாம் என்று தள்ளிய கை. அவர்களில் யாருடைய பெயராவது பழைய ரசீதில், பதிவுப் புத்தகத்தில், சங்கத்துக் குறிப்பில் இருக்கும். தேடி எடுத்து, வருஷத்தோடு எழுதுங்கள். காருக்கு விலை இல்லாத காலத்தில் அதைத் தன்னுடையது என்று சொல்லிக்கொண்டவர்கள் அவர்கள்தாம்.